பத்திக்கும் பத்திக்கும் இடையில்: உரைமரபும் மும்பைத் தமிழர் வரலாறும்

வரலாற்றுக் கட்டுரை எழுதும் நம் மாணவர்கள் பத்திகளை இணைக்கக் கையாளும் சொற்களை எண்ணினால் நான்கைந்துக்கு மேல் தேறா: ‘மேலும்’, ‘இந்நிலையில்’, ‘இதனைத் தொடர்ந்து’, ‘அதே வேளையில்’. இவை பிழையான சொற்கள் அல்ல. ஆனால், முன்னுள்ள பத்திக்கும் பின்னுள்ள பத்திக்கும் உறவு உண்டு என்று மட்டுமே இவை சொல்கின்றன. அது எத்தகைய உறவு என்பதைச் சொல்வதில்லை. வரலாற்றிலோ அந்த உறவுதான் வாதம். காரணமா, உடன்நிகழ்வா, முரணா, வெறும் கால வரிசையா என்பதை முடிவு செய்யாமலே அடுத்த பத்திக்குச் சென்றுவிட இச்சொற்கள் இடம் தருகின்றன.

இக்குறை தமிழுக்கு இயல்பானதன்று. பத்தி பிரித்தல் அச்சோடு வேரூன்றிய பழக்கம். ஓலைச்சுவடியில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் மேல் புள்ளியும் பெரும்பாலும் இராது. மூலம் முடிந்து உரை தொடங்கும் இடமும் கண்ணுக்குப் புலப்படாது. கண்ணுக்குக் காட்ட இயலாததைச் சொல்லால் காட்ட வேண்டியிருந்தது. உரையாசிரியர்கள் தொடர்ச்சியைக் குறித்து அத்தனை கவலை கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அக்கவலை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு நன்னூல் சான்று. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தவரான பவணந்தி, சூத்திரங்கள் ஒன்றோடொன்று தொடரும் நிலையை நான்காக வகுக்கிறார். ஆற்றுநீர் போல இடையறாது செல்வது ஆற்றொழுக்கு. சிங்கம் முன்னும் பின்னும் பார்ப்பது போல இருபுறமும் தொடர்புகொள்வது அரிமா நோக்கம். இடையில் உள்ளதைத் தாண்டி அப்பால் உள்ளதோடு இணைவது தவளைப் பாய்த்து. உயரத்திலிருந்து பாய்ந்து வேண்டியதைக் கவர்ந்து செல்வது பருந்தின் வீழ்வு. இன்றைய எழுத்துப் பயிற்சி நூல்கள் ஆற்றொழுக்கு ஒன்றையே சிறப்பாகப் போற்றுகின்றன. பவணந்தியோ தாவலையும் முறையான தொடர்ச்சியாகவே ஏற்கிறார். தாவுகிறோம் என்று அறிந்து தாவ வேண்டும், அவ்வளவுதான்.

இம்மரபின் உச்சம் பரிமேலழகர். திருக்குறளின் அதிகாரம்தோறும் அவர் முதலில் செய்வது, அவ்வதிகாரம் இன்னது என விளக்கி, முந்தையதன் பின் அது வைக்கப்பட்ட காரணத்தைக் கூறுவது. வான்சிறப்பு கடவுள் வாழ்த்தின் பின் வருவது, இறைவன் ஆணையால் உலகம் நடப்பதற்கு மழை ஏதுவாகலின். பொறையுடைமை, பிறனில் விழையாமையை அடுத்து வருவதற்கு அவர் தரும் காரணம் இன்னும் கூரியது: நெறி தவறி நடந்தவரையும் பொறுக்க வேண்டும் என்று உணர்த்தவே அது அங்கே நிற்கிறது என்கிறார். பிறன் மனை நயப்பதை விலக்கும் அதிகாரம், தீங்கு செய்தவனிடம் நான் எவ்வாறு நடப்பது என்ற வினாவோடு முடிவதாக அவர் படிக்கிறார். ‘மேலும்’ என்ற சொல் இந்த வினாவை எழுப்பியிராது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. மணக்குடவர் உரையில் அதிகாரங்களுக்குள் குறட்பாக்களின் வரிசை பல இடங்களில் வேறு. ஆகவே வரிசை என்பது ஐயத்துக்கு இடமின்றிக் கிடைத்த ஒன்றன்று. அதனைக் காத்து நிறுத்த உரையாசிரியர் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இணைப்புத் தொடர் அவர்க்கு ஒப்பனையன்று, மறுக்கப்படக்கூடிய கூற்று.

இதற்கு எதிர்முனையில் அந்தாதி நிற்கிறது. ஒரு செய்யுளின் ஈற்றுச் சொல் அடுத்ததன் தொடக்கமாகும்போது மனப்பாடத்துக்கு அது பெருந்துணை. காரைக்கால் அம்மையாரும் முதலாழ்வார் மூவரும் அதனை எவ்வளவு உயர்த்தினர் என்பதை நாம் அறிவோம். ஆனால் உரைநடை வரலாற்றில் அந்தாதி ஆபத்தானது. சொல் ஒட்டிக்கொண்டால் பொருளும் ஒட்டிவிட்டதாகத் தோன்றிவிடும்.

நான் வாழும் சுனாபட்டியையே எடுத்துக்கொள்வோம். மராத்தியில் இப்பெயருக்குச் சுண்ணாம்புக் காளவாய் என்பது பொருள். அண்மையில் உள்ள தாராவியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பர். ஒரு பத்தியைச் சுண்ணாம்பில் முடித்து அடுத்ததைச் சுண்ணாம்பில் தொடங்கினால், இங்கே சுட்டது அங்கே பயன்பட்டது என்று வாசகர் தாமே முடிவு செய்துகொள்வார். இரு பத்திகளுக்கும் தனித்தனியே சான்று உண்டு. இடையிலுள்ள பாலத்துக்கும் தனியே சான்று வேண்டும்.

‘தமிழர்’ என்ற சொல்லைக் கொண்டு கட்டப்படும் அந்தாதியால் விளையும் இழப்பு இதனினும் பெரிது. மும்பைத் தமிழர் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது: திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த இசுலாமியர், ஆதிதிராவிடர் பற்றி ஒரு பத்தி. ‘மேலும்’ என்று தொடங்கி, மாட்டுங்காவில் குடியேறிய எழுத்தர்கள், தட்டச்சாளர்கள், 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் பற்றி அடுத்தது. ‘இந்நிலையில்’ என்று தொடங்கி, 1966இல் சிவசேனை தோன்றியது பற்றி மூன்றாவது. படிக்கத் தடையில்லை. ஆனால் அந்த ‘மேலும்’ இரு வேறு வர்க்கங்களை, சாதிகளை, குடியேற்றப் பாதைகளை ஒரே சமூகமாக்கிவிடுகிறது. ‘இந்நிலையில்’ என்பதோ அவர்களுள் யாருடைய நிலை என்று கேட்கவிடுவதில்லை.

1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ இதழில் பால் தாக்கரே வெளியிட்ட பெயர்ப் பட்டியல்கள், நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்திய அலுவலர்களைச் சுட்டின. தாராவியின் தோல் தொழிலாளி அப்பட்டியலில் இடம்பெறும் நிலையில் இருந்தவர் அல்லர். எனினும் ‘மதராசி’ என்ற சொல் இருவரையும் குறித்தது. ஆகவே மூன்றாம் பத்தியை நான் இவ்வாறு தொடங்குவேன்: ‘அலுவலக நாற்காலிகளைக் குறிவைத்து எழுந்த முழக்கம், அந்த நாற்காலிகளை அடையும் வாய்ப்பே இல்லாதிருந்த தாராவித் தொழிலாளியையும் அதே பெயரால் அழைத்தது.’

இது பவணந்தியின் அரிமா நோக்கம். பின்னோக்கி, முந்தைய இரு பத்திகளும் ஒரே சமூகத்தைப் பற்றியவை அல்ல என்கிறது. முன்னோக்கி, அவர்களை ஒன்றாக்கியது எது என்ற வினாவை வைக்கிறது. அதற்கு விடையாக அப்பெயரை முன்வைத்தால், அதற்கான சான்றை அந்தப் பத்தியே தர வேண்டும். தர இயலாவிட்டால் பத்திகளின் வரிசையை மாற்ற வேண்டும்.