சுமை இறக்கலும் சுமை வீழ்தலும்

இரட்சணிய யாத்திரிகத்தைக் கம்பன் நெறியில் எழுந்த கிறித்தவக் காப்பியம் எனப் பாராட்டுதல் வழக்கம். அது தக்கதே. ஆயினும் அவ்வளவில் அமைந்துவிடின், நூலின் உயிர்நிலையாகிய அடைக்கலக் கருத்து ஆராயப்படாது நின்றுவிடும். ஈண்டு நாம் அதனையே நோக்குவாம்.

எச். ஏ. கிருட்டிண பிள்ளை 1827இல் திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியிற் பிறந்தார். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். காப்பியம் 1894இல் வெளிவந்தது. அதற்கு முதனூல், ஆங்கிலேயராகிய சான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதை.

பனியன் நூலிற் பயணி முதுகில் ஒரு சுமையோடு புறப்படுகின்றான். சட்டநெறியால் அது நீங்கும் என உலக ஞானி ஒருவன் அவனைத் திசைதிருப்புகின்றான். அவ்வழியிற் செல்லச் செல்லச் சுமை மேலும் கனக்கின்றது. பின்னர்ச் சிலுவையைக் கண்ட அளவில் அது தானே கழன்று உருண்டு கல்லறையுள் மறைகின்றது. அவன் அதனை அவிழ்த்திலன். அவிழ்க்கும் ஆற்றலும் அவன்பால் இல்லை.

வைணவ மரபிற் பயின்ற செவிக்கு இக்காட்சி முற்றும் புதிதன்று. வேதாந்த தேசிகர் (1268–1369) சரணாகதியைப் ‘பரநியாசம்’ என்பர். பரம் என்பது சுமை; நியாசம் என்பது வைத்துவிடுதல். சுமையை இறைவன்பால் வைத்தலாகிய ஒரு செயல் உயிர்க்கு வேண்டும் என்பது அவர் கொள்கை. பிள்ளை லோகாசாரியர் மரபோ அச்செயலையும் உபாயமெனக் கொள்ளாது. குரங்குக்குட்டி தாயைப் பற்றும். பூனைக்குட்டியைத் தாயே கவ்வும் என்னும் உவமை இவ்வேறுபாடு பற்றி எழுந்ததே. பனியனின் பயணி பூனைக்குட்டியின் இனம் போலும்!

எனினும், இவ்வொப்புமை பற்றிக் கிருட்டிண பிள்ளையின் சமயத்தை உடைமாற்றிய வைணவம் எனக் கொள்ளின் அது பெரும்பிழையாம். பரநியாசத்தில் இறக்கப்படுவது தன்னைத் தானே காத்துக்கொள்ளும் பொறுப்பு; பயணியின் முதுகினின்று வீழ்ந்தது அவன் செய்த பாவம். பொறுப்பை ஏற்பவன் காவலன். பாவத்தை ஏற்பவன் அதற்காக உயிர்கொடுத்தவன். சரணம், அடைக்கலம் என்னும் சொற்கள் கிறித்தவத் தமிழில் வருமிடத்து இவ்வேறுபாட்டைச் சுமந்தே வருகின்றன.

மற்றொன்றும் கருதத்தக்கது. பனியன் கதையிற் சுமை வீழ்வது முடிவிலன்று, தொடக்கத்தை அடுத்தே. கடுங்குன்றமும் தாழ்மைப் பள்ளத்தாக்கும் ஐயக் கோட்டையும் இறுதியில் ஆழ்ந்த ஆறும், சுமை நீங்கியவன் முன்னரே கிடக்கின்றன.