தாத்தா இரட்டைமலை சீனிவாசனார்

தாழ்த்தப்பட்ட மக்களின் உரிமைக்காக உழைத்த தலைவர் தமிழ்நாட்டில் பலர். அவருள் 'தாத்தா' என்னும் உறவுப் பெயராலேயே சமுதாயம் முழுதும் அழைக்கும் பேறு இரட்டைமலை சீனிவாசனார்க்கு வாய்த்தது. எண்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தவர் அவர். வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் மலரில் அப்பெரியாரின் வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும். பள்ளியில் தம் குலம் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி ஒதுங்கிய சிறுவர் ஒருவர், பின்னாளில் அக்குலப் பெயரையே உலகறிய எவ்வாறு அறிவித்தார் என்பதே அவ்வரலாற்றின் சாரம்.

இளமையும் கல்வியும்

செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அவர் பிறந்ததாக வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. தந்தையார் பெயர் இரட்டைமலை. வறுமையும் சாதிக் கொடுமையும் அக்குடும்பத்தைச் சொந்த ஊரில் வாழவிடவில்லை. இளமையில் அவர் கல்வி பயின்றது கோயம்புத்தூரில்.

அங்கு அவர் பயின்ற கல்விக்கூடத்தில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவருள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். தம் குலமும் குடியிருப்பும் பிறர்க்குத் தெரிந்தால் இழிவாக நடத்துவரோ என்ற அச்சம் இளஞ் சீனிவாசனை வாட்டியது. ஆகவே மணி அடிக்கும்வரை வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார்; மணி அடித்தபின் வகுப்பினுள் நுழைவார்; வகுப்பு முடிந்ததும் எவரோடும் பேசாமல் விரைந்து வீடு திரும்புவார். உடன் பயின்றோருடன் கூடி விளையாட இயலாமற் போன இத்துயரைப் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே குறித்துள்ளார். கல்வியை விட்டுவிடாமல், அச்சத்தோடே பயின்று முடித்தார் என்பதை நம் மாணவச் செல்வங்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

கற்ற கல்வி அவருக்கு நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கர் பணியைத் தந்தது. 1890இல் அவர் சென்னைக்கு வந்து பொதுவாழ்வில் இறங்கினார்.

இதழ்ப் பணி

அக்காலம் நம் மக்களின் நிலை அரசின் கவனத்துக்கு வரத் தொடங்கிய காலம். செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் தம் மாவட்டத்துத் தாழ்த்தப்பட்டோரின் அவலநிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதனை அடுத்து 1892இல் நிலம் வழங்குவதற்கான ஆணையும், 1893இல் கல்விக்கான ஆணையும் பிறந்தன. இன்று பஞ்சமி நிலம் என்று நாம் பேசுவதன் தோற்றுவாய் இதுவே. ஆயினும் ஆணை பிறந்தால் மட்டும் போதுமா? அதனைக் கேட்டுப் பெற மக்களிடம் குரல் வேண்டுமன்றோ?

அந்தக் குரலாக 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஓர் இதழைத் தொடங்கினார் சீனிவாசனார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. எப்பெயரைச் சொல்லி உலகம் இழித்ததோ, எப்பெயர் வெளிப்படாமலிருக்கப் பள்ளிப் பருவத்தில் ஒளிந்து வாழ்ந்தாரோ, அப்பெயரே இதழின் முகப்பில் நின்றது. தான் இன்னான் என்று சொல்லிக்கொண்டு முன்வராதவன் உரிமை பெறமாட்டான் என்பது அவர் கருத்து. நான்கு பக்கம், விலை இரண்டணா, திங்கள் இதழ் என்று தொடங்கிய அவ்வேடு, மூன்றே மாதத்தில் வார இதழாயிற்று. இடையில் வழக்கொன்றில் ஆசிரியர்க்கு 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. எனினும் 1900ஆம் ஆண்டுவரை இதழ் நடந்தது.

இதழ் தொடங்கிய ஆண்டின் இறுதியில் அவர் நிகழ்த்திய மற்றொரு செயலும் நினைவுகூரத்தக்கது. இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்று காங்கிரஸ் கோரியது. கல்வி வாய்ப்பு முழுதும் உயர்சாதியினர் கையில் இருக்கும்போது அத்தேர்வு அவர்களையே நம்மீது அதிகாரிகளாக அமர்த்தும் என்று சீனிவாசனார் எதிர்த்தார். 1893 டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, 3,412 பேர் கையொப்பமிட்ட 112 அடி நீள விண்ணப்பத்தை இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

பெயர் பற்றிய கருத்தில் எல்லோரும் அவரோடு ஒத்தவரல்லர். அவர்தம் தமக்கை தங்கை உறவால் மைத்துனரான பண்டிதர் அயோத்திதாசர் அப்பெயரை ஏற்கவில்லை. நம் மக்கள் பூர்வ பௌத்தர் என்று நிறுவ முனைந்தார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். ஒருவர் இழிவேற்றப்பட்ட பெயரைக் களைந்தார். மற்றவர் பெயரை வைத்துக்கொண்டு இழிவைக் களைய முயன்றார். வழி வேறாயினும் இருவரும் நாடிய இடம் ஒன்றே.

சட்டமன்றத்தில்

1900இல் இலண்டன் செல்லும் எண்ணத்துடன் கப்பலேறிய சீனிவாசனார் தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். அங்கிருந்த காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே. இருபதாண்டுகளுக்குப் பின் தாயகம் திரும்பியவர், 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமனம் பெற்றார்.

1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் அவர் வாழ்வின் பெருஞ்சாதனை. பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். மன்றம் அதனை ஏற்றது. அவ்வாண்டிலேயே அரசிதழிலும் வெளிவந்தது. கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் போராட்டம் நடந்துகொண்டிருந்ததும் அதே ஆண்டு என்பதை எண்ணினால் இத்தீர்மானத்தின் அருமை விளங்கும்.

வட்டமேசையில்

1930இலும் 1931இலும் இலண்டனில் நடந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கருடன் சீனிவாசனாரும் நம் மக்களின் சார்பாளராக அமர்ந்தார். அப்போது தம் குலப் பெயரையும் தீண்டப்படாதவர் என்பதையும் பொறித்த பட்டயத்தை மேலங்கியில் அணிந்து சென்றார் என்பது சமுதாயத்தில் வழிவழியாக வழங்கும் செய்தி. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை யாதென வினவியதாகவும், எம்மவர் ஒருவர் தெருவில் விழுந்து கிடந்தால் மேல்சாதியார் தூக்கிவிட மாட்டார் என்று தாம் விளக்கியதாகவும் அவரே எழுதியுள்ளார். மணி அடிக்கும்வரை மறைந்து நின்ற மாணவர், மன்னர் முன் மறைக்காமல் நின்றார்.

1932 செப்டம்பர் 24ஆம் நாள் உருவான பூனா உடன்பாட்டில் கையொப்பமிட்டோருள் அவரும் ஒருவர். மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்கள் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டன. அவற்றுள் சென்னை மாகாணத்துக்கு 30. 1935இல் அம்பேத்கர் மதமாற்றம் பற்றி அறிவித்தபோது, நாம் வருணத்துக்குப் புறம்பானவர். இந்து மதத்துள் இல்லாதவர் அதனை விட்டு வெளியேறுவது எங்ஙனம் என்று மாறுபட்ட கருத்தை வெளியிட்டார். மதிப்புக்குரியவரிடத்தும் மாறுபாட்டை மறையாமற் கூறும் நேர்மை அவருடையது.

இராவ் சாகிப், இராவ் பகதூர், திவான் பகதூர் என்னும் பட்டங்கள் அவரை வந்தடைந்தன. ஆயினும் மக்கள் அளித்த 'தாத்தா' என்னும் பட்டமே நிலைத்தது. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் அவர் மறைந்தார். தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்பு 1950இல் நடைமுறைக்கு வந்ததைக் காண அவர் இல்லை. 2000ஆம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

இளைஞர்க்கு

இளைஞர்களே! விடுதியிலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற வினாவுக்கு விடை சொல்லத் தயங்கி, பேச்சை மாற்றும் நிலை இன்றும் நம் பிள்ளைகளுக்கு உண்டு. அத்தயக்கம் அவர்கள் குற்றமன்று; வினவுவோர் உள்ளத்தின் குற்றம். அஞ்சிய பருவம் தாத்தாவுக்கும் இருந்தது. ஆனால் அச்சத்தால் அவர் பள்ளியை விட்டு நீங்கவில்லை. கற்ற கல்வி அவர் அச்சத்தை நீக்கிற்று. அக்கல்வியைத் தமக்கென வைத்துக்கொள்ளாமல், இதழாகவும் விண்ணப்பமாகவும் தீர்மானமாகவும் மாற்றிச் சமுதாயத்துக்கே திருப்பி அளித்தார். நம் கழகத்தின் உதவியால் கற்றுயர்ந்த ஒவ்வொருவரும் தமக்குப் பின்வரும் ஒரு மாணவருக்கேனும் கைகொடுப்பதே, தாத்தாவுக்கு நாம் செலுத்தும் உண்மையான வணக்கமாகும்.