வெட்டியெடுக்கப்பட்ட நியாயத்தீர்ப்பு



கிறித்தவம் பற்றி நம் கூட்டங்களில் பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. நியாயத்தீர்ப்பு நாள், இரட்சிப்பு என்பதெல்லாம் ஏழையைப் பொறுத்துப்போகச் சொல்லும் ஏற்பாடுதானே? செத்தபிறகு கிடைக்கும் நீதியால் உயிரோடிருப்பவருக்கு என்ன பயன்? நியாயமான கேள்வி. இதற்கு வரலாற்றிலிருந்து விடை தேடிப் பார்க்கலாம்.

1807இல் லண்டனில் ஒரு வேதாகமம் அச்சானது. பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் வதைபட்ட ஆப்பிரிக்க அடிமைகளுக்கென்றே தொகுக்கப்பட்டது அது. அதே ஆண்டில்தான் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. அடிமைமுறையை அது தொடவில்லை. வழக்கமான புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். இந்தப் புத்தகத்தில் இருந்தவை 232 மட்டுமே.

எது மிஞ்சியது, எது போனது என்று பார்த்தால் தொகுத்தவர்களின் மனம் விளங்கும். எகிப்தில் அடிமையாக விற்கப்பட்டும் உண்மையாக உழைத்து உயர்ந்த யோசேப்பின் கதை இருந்தது. வேலைக்காரர் எசமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற எபேசியர் நிருபத்தின் புத்திமதி இருந்தது. மோசே அடிமைகளை எகிப்திலிருந்து மீட்டு நடத்திவந்த கதை இல்லை. கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் அடியோடு இல்லை.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள், எங்களுக்கு நியாயம் செய்ய இன்னும் எவ்வளவு காலம் என்று கடவுளிடமே முறையிடுகின்றன. பாபிலோன் என்னும் மாநகரம் ஒரே மணி நேரத்தில் அழிகிறது. இனித் தங்கள் சரக்கை வாங்க ஆளில்லையே என்று வணிகர்கள் புலம்புகிறார்கள். அந்தச் சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்கி, அடிமைகளில் முடிகிறது. மனிதரை விலைக்கு வாங்கிக் கரும்பு விளைவித்த தீவில் இதை வாசிக்க விடுவார்களா?

நரக பயத்தை எசமானர்கள் விரும்பவே செய்தார்கள். அடிமை திருடாமல், ஓடிப்போகாமல் இருக்க அது உதவியது. தாங்களும் அதே கூண்டில் ஏற வேண்டும் என்பதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

ஆனால் வேதத்தை மறைத்து வைக்க முடியவில்லை. ஜமைக்காவில் அடிமையாக இருந்த சாமுவேல் ஷார்ப் படிக்கத் தெரிந்தவர், பாப்டிஸ்ட் சபையின் டீக்கன். ஒருவன் இரண்டு எசமானர்களுக்கு ஊழியம் செய்ய முடியாது என்ற இயேசுவின் போதனையை எடுத்து அவர் ஜெபக்கூட்டங்களில் பேசினார். 1831 கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலியில்லாமல் வேலைக்குத் திரும்புவதில்லை என்பது திட்டம். டிசம்பர் 27 இரவு தோட்டங்கள் எரியத் தொடங்கின. தீவின் சுமார் 3 லட்சம் அடிமைகளில் 60,000 பேர் வரை கலந்துகொண்டதாகக் கணக்கிடப்படுகிறது. எழுச்சி அடக்கப்பட்டபின் 300க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. 1832 மே 23 அன்று ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே அடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இழப்பீடு 2 கோடி பவுண்டு, அதுவும் எசமானர்களுக்கு. உழைத்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை.

மறுமை நம்பிக்கை பலரை வாயடைக்க வைத்ததும் உண்மைதான். ஆனால் மேலே ஒரு நீதிமன்றம் உண்டென்று நம்புகிறவர், கீழே கிடைத்த தீர்ப்பை முடிவானதாக ஏற்க வேண்டியதில்லை. ஷார்ப்பும் அவரோடு நின்றவர்களும் இரட்சிப்புக்காகச் சாவு வரை காத்திருக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைச் சுவர் வைத்துப் பிரித்த கல்லறைத் தோட்டங்கள் தமிழ்நாட்டில் உண்டு. உயிரோடிருப்போரும் மரித்தோரும் நியாயந்தீர்க்கப்படுவார்கள், மரித்தோர் எழுந்திருப்பார்கள் என்று ஆலயத்தில் அறிக்கையிடுகிறவர்கள்தாம் அந்தச் சுவரைக் காத்து நிற்கிறார்கள். இவர்கள் வேதத்தில் ஒரு பக்கமும் குறையவில்லை. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே சுவர் கட்டியிருக்கிறார்கள்.

எழுந்திருக்கும் நாளில் சுவருக்கு எந்தப் பக்கம் எழுவீர்கள் என்று ஆயர்களிடமும் பங்கு மக்களிடமும் நாம் கேட்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திராமல், இப்போதே கேட்க வேண்டும்.