திரும்பி வராத மாணவர்களுக்காக ஓர் இருக்கை

ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமையப் பணம் திரட்டிய நாட்களில் 'இருக்கை' என்ற சொல் நமக்கெல்லாம் பழகிப்போனது. சர்வதேச அரசியல் என்ற படிப்பும் அப்படி ஓர் இருக்கையாகத்தான் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. அது அமைந்த இடம் லண்டனோ ஆக்ஸ்ஃபோர்டோ அல்ல. வேல்ஸின் மேற்குக் கரையில் உள்ள அபெரிஸ்ட்வித் என்ற சின்னக் கடற்கரை ஊர்.

அந்த ஊர்க் கல்லூரியின் கதையே தனி. கட்டி முடிக்கப் பணமில்லாமல் நின்றுபோன ஓர் ஓட்டலை வாங்கி, 1872இல் 26 மாணவர்களோடு தொடங்கினார்கள். ஆரம்ப வருடங்களில் அதைக் காப்பாற்றியதில் எளிய மக்கள் தேவாலயங்களில் போட்ட சில்லறைக் காசுக்குப் பெரிய பங்குண்டு. அப்படி ஊர் கூடிப் படிக்கவைத்த பிள்ளைகள்தான் 1914இல் மூண்ட முதல் உலகப் போருக்குப் போனார்கள். பலர் திரும்பவில்லை.

டேவிட் டேவிஸ் அந்தப் போர்முனையைப் பார்த்தவர். தாத்தா நிலக்கரியிலும் ரயில்பாதையிலும் சேர்த்த சொத்துக்கு வாரிசு, நாடாளுமன்ற உறுப்பினர். பிரான்ஸில் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய தங்கைகள் க்வெண்டலினும் மார்கரெட்டும் அதே பிரான்ஸில், த்ருவா நகரில், படைவீரர்களுக்குக் கேண்டீன் நடத்தினார்கள். போர்முனைக்குப் போகிறவனுக்குச் சூடாக எதையாவது குடிக்கக் கொடுத்து, அவன் முகத்தைப் பார்த்து வழியனுப்பிய பெண்கள் அவர்கள். மாண்ட மாணவர்களின் நினைவாக மூவரும் சேர்ந்து 20,000 பவுண்டு கொடுத்தார்கள். சிலை வைக்க அல்ல, நாடுகள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன, ஏன் மோதுகின்றன என்று சொல்லிக்கொடுக்க. 1919இல் இருக்கை அமைந்தது. பின்னர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயரும் அதற்குச் சேர்ந்தது. துக்கத்தை ஒரு பாடமாக மாற்ற நினைத்த அந்த மனதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழும்.

முதலில் அமர்ந்தவர் ஆல்ஃபிரட் சிம்மர்ன், பண்டைய கிரேக்கத்தைப் படித்த அறிஞர். அடுத்து வந்த சார்ல்ஸ் வெப்ஸ்டர், 1945இல் ஐ.நா. சாசனம் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் பிரிட்டிஷ் குழுவோடு இருந்தார். வகுப்பறைக்கும் மாநாட்டு மேசைக்கும் இடையே பாதை விழுந்துவிட்டது.

இருக்கை அமைந்த அதே 1919இல் வாஷிங்டனில் எட்மண்ட் வால்ஷ் என்ற ஏசுசபைப் பாதிரியார் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் வெளியுறவுப் பள்ளியைத் தொடங்கினார். டெல்லியில் 1955இல் சர்வதேசப் படிப்புகளுக்கான இந்தியப் பள்ளி பிறந்தது. அதன் முதல் இயக்குநர், சென்னையில் அரசியல் கற்பித்த ஏ. அப்பாதுரை. இன்று அது ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். வெளியுறவுப் பணிக்கனவோடு யு.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்பாதுரையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும்.

மீண்டும் அபெரிஸ்ட்வித்துக்கு வருவோம். அந்த இருக்கைக்கு 1936இல் ஈ.எச். கார் வந்தார். 20 வருடம் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையில் இருந்தவர். டேவிஸ் இந்த நியமனத்தை எதிர்த்தார். சர்வதேசச் சட்டமும் அதைக் காக்க ஒரு பொதுப் படையும் இருந்தால் போரை நிறுத்தலாம் என்பது டேவிஸின் நம்பிக்கை. பலம் எங்கே இருக்கிறது என்று பார்க்காத நம்பிக்கை உதவாது என்பது காரின் வாதம். அந்த வாதத்தை வைத்து அவர் எழுதிய புத்தகம் 1939 செப்டம்பரில், அடுத்த உலகப் போர் மூண்ட அதே மாதத்தில், வெளிவந்தது. என்னைக் கேட்டால் இந்தச் சண்டைதான் மாணவனுக்குக் கிடைத்த பெரிய சொத்து. எப்படி இருக்க வேண்டும் என்ற ஆசையும், எப்படி இருக்கிறது என்ற கணக்கும் இரண்டும் தெரியாதவனைத் தூதரகத்துக்கு அனுப்பி என்ன பயன்?

டேவிஸ் 1944 ஜூனில் இறந்தார். அதே வருடம் செப்டம்பரில் அவருடைய மூத்த மகனும் போர்முனையில் கொல்லப்பட்டார்.