உம்மாவின் நேரம்: வரலாறு சொல்லும் பாடம்



காலை ஏழு மணிக்குப் பம்பலப்பிட்டிச் சந்தியில் சற்று நின்று பாருங்கள். பாடசாலை வேன்கள் காலி வீதியில் வரிசையாக நகர்கின்றன. கடற்கரையோர ரயில் நிலையத்தை நோக்கி அலுவலகம் செல்வோர் விரைகின்றனர். அவர்களுள் ஒரு தாய் இருக்கின்றாள். சுபஹுக்கு முன்பே எழுந்து, சோறு கட்டி, பிள்ளைகளை உடுத்தி அனுப்பிவிட்டு, தன் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவள் அவள். மாலையில் வீடு திரும்பியதும் அவளுடைய இரண்டாவது வேலை தொடங்குகின்றது. "எனக்கென்று ஒரு நேரம் எங்கே?" என்று அவள் கேட்டால், அதை நன்றிகெட்ட பேச்சு என்பார் சிலர். "பெண் வேலைக்குப் போனதால் வந்த வினை" என்பார் வேறு சிலர்.

இது இந்தக் காலத்தில் முளைத்த கேள்விதானா? நமது வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவின் பெரும் வர்த்தகர்களுள் ஒருவர். அவர்களுடைய சரக்குகள் ஷாம் தேசம் வரை சென்றன. ஆனால், ஒட்டகக் கூட்டத்தோடு அவர்கள் தாமே பயணம் செய்யவில்லை. நம்பிக்கைக்குரியவர்களைத் தெரிந்து, இலாபத்தில் பங்கு பேசி, பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவ்வாறு பொறுப்பேற்றுச் சென்றவர்களில் ஒருவரே நமது நபி (ஸல்) அவர்கள். பின்னர் நபிகளாரின் துணைவியாகி, ஸைனப், ருகையா, உம்மு குல்தூம், பாத்திமா ஆகியோரை வளர்த்தெடுத்த தாயும் அவர்களே. எல்லாவற்றையும் ஒரே ஆள் தன் கையால் செய்துதான் தீர வேண்டும் என்பது அவர்களுடைய வழியாக இருக்கவில்லை.

மதீனாவுக்கு வாருங்கள். அபூபக்ர் (ரலி) அவர்களின் மகள் அஸ்மா (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தை ஒட்டி அப்துல்லாஹ்வைப் பெற்றெடுத்த இளம் தாய். கணவர் ஸுபைர் (ரலி) அவர்களிடம் ஒரு குதிரையும் நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமும் தவிர வேறு செல்வம் இல்லை. குதிரைக்குத் தீனி வைப்பதும், நீர் இறைப்பதும், தோல்வாளியைத் தைப்பதும், மாவு பிசைவதும், தொலைவிலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவதும் அவர்கள் பொறுப்பாயின. இவற்றை அவர்களே கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தமக்கு ரொட்டி சுடுவது நன்றாக வராது என்றும் அவர்கள் ஒளிக்காமல் சொல்கின்றார்கள். அண்டை வீட்டு அன்ஸாரிப் பெண்களே அதைச் சுட்டுக் கொடுத்தார்கள். பின்னர் தந்தை அபூபக்ர் (ரலி) அவர்கள் குதிரையைப் பராமரிக்க ஒரு பணியாளரை அனுப்பியபோது, தமக்கு விடுதலையே கிடைத்தது போலிருந்தது என்கின்றார்கள்.

சகோதரிகளே, இதனைச் சிந்தியுங்கள். உழைப்பால் களைத்தேன் என்று சொன்னதற்காக அஸ்மா (ரலி) அவர்களை எவரும் குறை கூறவில்லை. அண்டை வீட்டார் உதவினார்கள், தந்தை உதவினார். சகோதரர்களே, நீங்களும் சிந்தியுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்பதே அவர்கள் தந்த பதில். அல்லாஹ்வின் தூதருக்கு இழிவாகத் தோன்றாத வீட்டு வேலை, நமக்கு எவ்வாறு இழிவாகும்?

இனி நமது நாட்டுக்கு வருவோம். கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பை அவர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கல்விக்காக எழுதியும் உழைத்தும் வந்தார்கள். ஆயினும் தலைநகரில் அந்த வித்து முளைக்கப் பல்லாண்டுகள் சென்றன. சேர் ராசிக் பரீத் அவர்களின் முயற்சியால், 1946ஆம் ஆண்டில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானது. இன்று பம்பலப்பிட்டியில் இயங்குவது அந்தக் கல்லூரியே.

அதன் முதல் அதிபராக அமர்ந்தவர் ஆயிஷா ரவூப் அவர்கள். மலபாரில் பிறந்து, முஸ்லிம் பெண்கள் பட்டம் பெறுவது மிக அரிதாயிருந்த காலத்தில் பட்டதாரியாகி, திருமணத்தின் பின் 1940களில் இலங்கைக்கு வந்தவர். கல்லூரியை நடத்திக்கொண்டே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, அதன் துணை முதல்வர் பதவியையும் வகித்தார். ஒரு பாடசாலையும் ஒரு மாநகரமும் ஒருசேர அவரை நம்பியிருந்தன. பெண்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவே வாப்பாமார் தயங்கிய காலம் அது. இன்று நம் வீடுகளிலிருந்து வேலைக்குச் செல்லும் ஆசிரியைகளும் தாதியரும் வைத்தியர்களும், அவ்வாறான முன்னோடிகள் திறந்துவைத்த வாசலால் நடந்து சென்றவர்களே. ஆனால், வாசல் திறந்த அளவுக்கு வீட்டுச் சுமை பகிரப்பட்டதா? நமது மனச்சாட்சியே இதற்கு விடை கூறட்டும்.

நாட்டின் சட்டமும் தாயின் நேரத்தை மெல்ல மெல்லவே மதித்தது. மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939இல் வந்தது. கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. ஆயினும் மூன்றாவது பிள்ளையிலிருந்து விடுமுறை பாதியாகக் குறையும் நிலை நீண்ட காலம் இருந்தது. 2018இல் செய்யப்பட்ட திருத்தங்களே, எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள்கள் என்று சமப்படுத்தின. ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு வேலை நேரத்துக்குள் இரு இடைவேளைகள் உரியவை என்பதையும் அறிந்து வைத்திருங்கள். கேட்டுப் பெறாத உரிமை ஏட்டிலேயே கிடக்கும்.

குர்ஆன் இதற்கும் ஆழமான ஒரு வழியைக் காட்டுகின்றது. பாலூட்டும் காலத்தைப் பற்றிப் பேசும் ஸூரத்துல் பகராவின் 233ஆம் வசனம், பால்குடி மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்துத் தீர்மானிக்கலாம் என்கின்றது. ஒரு குழந்தையின் பாலுக்கே ஆலோசனை உண்டென்றால், அந்த வீட்டின் வேலைக்கும் நேரத்துக்கும் ஆலோசனை வேண்டாமா?

ஆகவே, ஒவ்வொரு வாரமும் ஓர் இரவு, இஷாவுக்குப் பின் குடும்பமாக அமருங்கள். வரும் வாரத்தின் வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். எது யாருடையது என்று பெயரிடுங்கள். ஐவேளைத் தொழுகை நமது நாளை ஏற்கெனவே அழகாகப் பகுத்து வைத்திருக்கின்றது. அந்தப் பகுப்பிலேயே வேலைகளை அமையுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையிலோ, சுபஹுக்குப் பின்னோ ஒரு சிறு பொழுதை "உம்மாவின் நேரம்" என்று எழுதுங்கள். அவர் அதில் ஓதட்டும், வாசிக்கட்டும், கடற்கரையில் காற்று வாங்கட்டும், அல்லது சும்மா இருக்கட்டும். உடலுக்கும் கண்ணுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது ஆண்களுக்கு மட்டுமல்ல.

இளைஞனே, உன் கோப்பையை நீயே கழுவு. உன் சட்டையை நீயே மடி. மகளுக்கு மட்டும் சமையலறையைக் காட்டாமல் மகனுக்கும் காட்டுங்கள், தாய்மாரே. நாளை உங்கள் மருமகள் உங்களுக்காகத் துஆச் செய்வாள்.

நபி (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்ட நினைத்து நின்றபோது, பின்னால் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். ஒரு தாய்க்காகத் தொழுகையே சுருக்கப்பட்டது. அவளுக்காக நாம் எதைச் சுருக்கப் போகின்றோம்? தொலைக்காட்சியின் முன் அமரும் நேரத்தையா, சந்தியில் நின்று பேசும் நேரத்தையா? இன்றிரவே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

நம் தாய்மாரின் சுமையை இலேசாக்கும் பிள்ளைகளாகவும் கணவர்களாகவும் வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.