டிரியர் நகரில் ஒரு பகல்

கொப்லென்ஸ் நகரிலிருந்து மோசல் ஆற்றில் மேல்நோக்கிச் செல்லும் பயணக் கப்பல், திராட்சைத் தோட்டங்கள் ஏறி நிற்கும் மலைச்சரிவுகளினூடே வளைந்து சென்று, டிரியர் நகரில் பயணிகளை ஒரு பகற்பொழுதுக்கு இறக்கிவிடுகிறது. ரோமர் காலத்துக் கட்டடங்களையும் பேராலயங்களையும் அந்த ஒரு பகலிலேயே நடந்து கண்டுவிடலாம். ஆயின் திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கிறவனுக்கு அந்நகர் வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாதது.

நான்காம் நூற்றாண்டில் மேற்குப் பேரரசர்கள் பலர் இங்கிருந்தே ஆண்டனர். அலெக்சாந்திரியாவின் அத்தியட்சரான அத்தனாசியு 335இல் நாடுகடத்தப்பட்டு வந்து தங்கியது இந்நகரிலேதான். அம்புரோசு பிறந்ததும் இங்கேதான் என்பர். பேரரசர் விளையாட்டரங்கில் இருந்த ஒரு பிற்பகலில், மதிலை அடுத்த தோட்டங்களில் உலாவிய அரசு அலுவலர் இருவர் ஒரு குடிலினுள் அந்தோனியாரின் வாழ்க்கை வரலாற்றைக் கண்டெடுத்து வாசித்து, பதவியைத் துறந்தனர் என்று அகுஸ்தீன் தம் அறிக்கைகளின் எட்டாம் புத்தகத்தில் கூறுகிறாரே, அத்தோட்டங்களும் இவ்வூரைச் சேர்ந்தவையே.

நகரின் வட எல்லையில் நிற்பது ‘கருப்பு வாயில்’ எனப்படும் போர்த்தா நிக்ரா. சுமார் கி.பி. 170இல் சுண்ணச்சாந்தின்றி இரும்புப் பற்றுகளால் இணைத்துக் கட்டிய மணற்கல் வாயில் அது. பதினோராம் நூற்றாண்டில் சிமியோன் என்னும் கிரேக்கத் துறவி தம்மை அதற்குள் அடைத்துக்கொண்டு தவமிருந்து, 1035இல் மரித்தார். அவர் நினைவாக வாயிலே ஆலயமாக்கப்பட்டது. அதனாலேயே, பிற வாயில்களின் கற்களை மக்கள் பெயர்த்துச் சென்றபோதும் இது தப்பியது. பின்னர் 1804இல் இங்கு வந்த நெப்போலியன் ஆலயப் பகுதிகளை இடித்தகற்றக் கட்டளையிட்டார். ஒரு பேரரசின் வாயிலைத் துறவியொருவர் காத்தார். இன்னொரு பேரரசர் துறவியின் ஆலயத்தை நீக்கி வாயிலை மீட்டார்!

பேராலயத்தைப் பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். அதன் நடுப்பகுதியில் நான்காம் நூற்றாண்டின் ரோமச் சுவர்கள் இன்றும் உயர்ந்து நிற்கின்றன. பழைய கருங்கல் தூண் ஒன்றின் துண்டு வாசலருகே கிடக்கிறது. சிறுவர்கள் அதன்மேல் சறுக்கி விளையாடுகிறார்கள்.

நம்மை நெடுநேரம் நிறுத்துவது கான்ஸ்டன்டைனின் அரண்மனைக் கூடம். 67 மீட்டர் நீளமும் 27 மீட்டர் அகலமும் 33 மீட்டர் உயரமுமான ஒரே அறை. நடுவில் ஒரு தூணும் இல்லை. கோடியிலுள்ள அரைவட்ட மாடத்தில் பேரரசர் அமர்ந்திருப்பார். 1856இல் இது இந்நகரின் புரொட்டஸ்டண்ட் சபைக்கு ஆலயமாயிற்று. அரியணை இருந்த இடத்தில் இப்போது பீடம் இருக்கிறது. உள்ளே வெறும் செங்கற்சுவர். நமது மரபின் எளிமை இது என்று பெருமைகொள்ள விரைகிறது மனம். ஆனால் ரோமர் இதற்குப் பளிங்கு போர்த்தியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டினரும் அலங்காரம் செய்யாமல் விடவில்லை. 1944இல் விழுந்த குண்டுகளால் எல்லாம் எரிந்துபோயிற்று. போருக்குப் பின் சீரமைத்தவர்கள் செங்கல்லை அப்படியே விட்டுவிட்டனர்.

இவ்வரண்மனை நகரில்தான், 385ஆம் ஆண்டளவில், ஸ்பெயின் நாட்டு ஆவிலாவின் அத்தியட்சர் பிரிசில்லியன் தலை வெட்டப்பட்டார். கடுந்தவத்தைப் போதித்த அவர்மீது வேதப்புரட்டுக் குற்றம் சாட்டியவர்கள் சக அத்தியட்சர்களே. போர்தோ சங்கத்தில் தமக்கு நீதி கிடையாதென்று கண்டு அவர் பேரரசர் மாக்சிமஸிடம் முறையிட்டார். அதுவே அவருக்கு முடிவாயிற்று. வேதப்புரட்டுக்காகக் கொல்லப்பட்ட முதற் கிறிஸ்தவர் இவர் என்று பாடம் சொல்லுகிறோம். சட்டப்படி தீர்ப்பளிக்கப்பட்ட குற்றமோ மாந்திரீகம். அதற்கே மரணதண்டனை எளிதாயிருந்தது. எயுக்ரோசியா என்னும் பெண்மணியும் லத்ரோனியன் என்னும் கவிஞரும் உடன் மாண்டனர்.

அவ்வேளையில் தூர் நகர் அத்தியட்சர் மார்ட்டின் அங்கிருந்தார். போர்வீரராயிருந்து துறவியானவர் அவர். புரட்டரைச் சபையினின்று விலக்கினாலே போதும், சபையின் வழக்கை உலக நீதிபதி விசாரிப்பது கேட்டிராத அக்கிரமம் என்று அவர் மன்றாடினார். முதன்மைக் குற்றவாதியான இத்தாசியு, நோன்பையும் வேதவாசிப்பையும் விரும்புகிற யாரையும் புரட்டனென்று ஐயுறுபவர், மார்ட்டினையும் விட்டுவைக்கவில்லை. இரத்தம் சிந்தப்படாது என்று பேரரசர் வாக்களித்தார். மார்ட்டின் ஊர் திரும்பினார், வாக்கு மீறப்பட்டது.

மறுமுறை அவர் வந்தபோது, ஸ்பெயினுக்குப் படைத்தலைவர்களை அனுப்பி எஞ்சியோரையும் தேடிப்பிடிக்க அரசர் ஆயத்தமாயிருந்தார். குற்றஞ்சாட்டிய அத்தியட்சர்களோடு ஐக்கியங்கொள்ள மார்ட்டின் மறுத்தார். இணங்கினால் படை நிறுத்தப்படும் என்றானதும், ஒரே ஒரு நாள், புதிய அத்தியட்சரின் அபிஷேகத்தில் அவர்களோடு பங்குகொண்டார். இறையியல் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வகுப்பு இரண்டாகப் பிரியும். உயிர்களைக் காத்த அந்த ஒரு நாளைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. அவரோ தம்மையே குறைகூறிக்கொண்டார். மறுநாள் ஊர் திரும்புகையில் அந்தெத்தன்னா என்னும் சிற்றூருக்கு அருகேயுள்ள காட்டில் உடன்வந்தோரை முன்னே போகவிட்டுத் தனியே அமர்ந்து, தாம் செய்தது சரியோ தவறோ என்று தமக்குள்ளே வழக்காடிக்கொண்டிருந்தார் என அவர் சீடர் சுல்பீசியு செவேரு எழுதிவைத்திருக்கிறார். அதன்பின் சாகுமட்டும் அவர் எந்தச் சங்கத்துக்கும் போகவில்லை.