மணியோசை வரும் முன்னே: சூப்பர் ஹீரோ மெட்டுகளின் கதை



யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். சினிமாவில் சூப்பர் ஹீரோக்களுக்கும் அப்படி ஒரு மணியோசை உண்டு. ஆள் திரையில் வருவதற்கு முன்பே அவருடைய மெட்டு வந்துவிடும். நாமும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவோம்.

உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆங்கிலப் படம் பார்க்கும் பழக்கமுள்ள, ஐம்பதைத் தாண்டிய ஒருவரிடம் சூப்பர்மேன் பட மெட்டைக் கேளுங்கள். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் முணுமுணுத்துவிடுவார். பிறகு பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் அயர்ன்மேன் மெட்டைக் கேளுங்கள். அயர்ன்மேன் பேசிய வசனம், போட்ட கவசம், எந்தப் படத்தில் என்ன நடந்தது என்று எல்லாவற்றையும் ஒப்பிக்கும் பிள்ளை, மெட்டு என்றதும் அநேகமாக விழிக்கும்.

"இந்தக் காலத்து இசையமைப்பாளர்களுக்குத் திறமை போதாது" என்று என் வயதுக்காரர்கள் உடனே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அது சரியில்லை என்பதுதான் என் கட்சி. எனக்குச் சங்கீதம் கேள்வி ஞானம் மட்டுமே. பி.காம். முடித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் காலம் தள்ளியவன். ஆனால் லெட்ஜர் புரட்டிப் பழகியவன் என்பதால், இந்தப் படங்களைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். திறமையைவிட முக்கியமான ஒரு காரணம் அதில் தெரிகிறது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கே தொடங்கியது?

ஒரு பாத்திரத்துக்கு ஒரு மெட்டு என்ற பழக்கத்தைப் பெரிய அளவில் நிலைநாட்டியவர் ஜெர்மானிய இசை மேதை ரிச்சர்ட் வாக்னர். 1876-ல் பாய்ராய்ட் நகரில் அவருடைய நான்கு இசை நாடகங்கள் ஒரே தொடராக மேடையேறின. அதில் வீரனுக்கு ஒரு சிறு மெட்டு, அவன் வாளுக்கு ஒன்று, சபிக்கப்பட்ட மோதிரத்துக்கு ஒன்று. வாள் மேடையில் இல்லாதபோதும் அதன் மெட்டு ஒலித்தால், பார்வையாளருக்கு வாளின் நினைவு வந்துவிடும். இந்த முறைக்கு லைட்மோட்டிஃப் என்று பெயர்.

இதை ஹாலிவுட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமான இருவர் வியன்னாவில் வளர்ந்தவர்கள். ஒருவர் 1933-ல் 'கிங் காங்' படத்துக்கு இசையமைத்த மாக்ஸ் ஸ்டைனர். இன்னொருவர் எரிக் கோர்ன்கோல்ட். இவர் 1938-ல் 'ராபின் ஹூட்' படத்துக்கு இசையமைக்க அமெரிக்கா வந்திருந்த சமயத்தில் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிவிட்டார். யூதரான கோர்ன்கோல்ட் ஊர் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். அந்தப் படம் தன் உயிரைக் காப்பாற்றியதாகவே அவர் கருதினார். இசைக்கு ஆஸ்கர் விருதும் வந்தது. அதே 1938-ல்தான் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு இளைஞர்கள் உருவாக்கிய சூப்பர்மேன், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் அறிமுகமானார். வீரனும் வீர இசையும் ஒரே வருடத்தில் வந்துவிட்டாலும், இரண்டும் முறையாகக் கைகோக்க 40 வருடம் ஆனது.

இடையில் 1966-ல் பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் வந்தது. ஜாஸ் இசைக்காரரான நீல் ஹெஃப்டி போட்ட மெட்டில் பாடல் வரி என்று பார்த்தால் 'பேட்மேன்' என்ற ஒரு சொல்தான். அதையே திரும்பத் திரும்பப் பாடுவார்கள். தொடரே ஒரு கேலிக்கூத்து. அதனால் மெட்டும் துள்ளலாக இருந்தது. வாரா வாரம் கேட்டு அமெரிக்காவுக்கே மனப்பாடமாகிவிட்டது. அடுத்த வருடம் 'ஸ்பைடர்மேன்' கார்ட்டூன் தொடரின் பாட்டும் அப்படியே ஆனது.

1978: இரண்டு சுரத் தூண்கள்

ரிச்சர்ட் டோனர் 'சூப்பர்மேன்' படத்தை இயக்கியபோது முதலில் நினைத்த இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித். தேதி ஒத்துவரவில்லை. வாய்ப்பு ஜான் வில்லியம்ஸுக்குப் போனது. முந்தைய வருடம்தான் 'ஸ்டார் வார்ஸ்' மூலம் பெரிய ஆர்கெஸ்ட்ரா இசைக்கு அவர் மறுவாழ்வு கொடுத்திருந்தார். அதே லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து இதையும் பதிவு செய்தார்.

இந்த மெட்டு ஏன் மனதில் ஒட்டுகிறது? நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால், ச, ப என்ற இரண்டு சுரங்கள்தான் இதற்குத் தூண்கள். தம்புராவில் எப்போதும் ஒலிக்கும் அதே ச, ப. எந்த ஊர்க் காதுக்கும் உறுதியாகப் படும் இடைவெளி அது. அதன்மேல் டிரம்பெட்டும் அணிவகுப்பு நடையும் சேர்ந்துகொள்கின்றன. மெட்டின் முடிவில் வரும் மூன்று சுரங்கள் 'சூ-பர்-மேன்' என்று பெயரையே உச்சரிப்பது போலக் கேட்கும். பாடல் வரியே இல்லாமல் பெயர் சொல்லும் மெட்டு.

சுரம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதை எப்படிச் செலவு செய்தார்கள் என்று கவனியுங்கள். படத் தொடக்கத்தில் பெயர்கள் விண்வெளியில் பாய்ந்து வரும்போது, சில நிமிடங்களுக்கு இசையைத் தவிர வேறெதுவும் இல்லை. அங்கேயே முழு மெட்டும் நம் காதில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு அதைப் பதுக்கிவிடுகிறார்கள். கிரிப்டான் கிரகம், சிறுவயது, கிராமத்து வாழ்க்கை என்று கதை நிதானமாகப் போகிறது. அவற்றுக்கெல்லாம் வேறு வேறு இசை. பனிக்கோட்டையிலிருந்து நீல உடையில் அவர் முதல்முறை பறந்து வரும்போதுதான் அந்த எக்காளம் வெடிக்கிறது. ஹெலிகாப்டரிலிருந்து லூயிஸ் லேன் தொங்கும்போது, கிளார்க் கென்ட் சட்டையைத் திறந்துகொண்டே ஓடுகிறார். அங்கே மெட்டு மறுபடி எழும்போது, காப்பாற்றிவிடுவார் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

எங்கள் பாஷையில் சொன்னால் இது ரெக்கரிங் டெபாசிட். தவணை தவறாமல் கட்ட வேண்டும், நடுவில் எடுக்கக்கூடாது, முதிர்வு நாளில் வட்டியோடு கிடைக்கும்.

அதோடு கணக்கு எண்ணையும் மாற்றக்கூடாது. இரண்டாம், மூன்றாம் சூப்பர்மேன் படங்களுக்கு (1980, 1983) இசை கென் தோர்ன். நான்காவதுக்கு (1987) அலெக்சாண்டர் கரேஜ். ஆனால் இருவரும் வில்லியம்ஸின் மெட்டையே எடுத்தாண்டார்கள். 2006-ல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தில் ஜான் ஓட்மனும் அப்படியே செய்தார். ஆள் மாறினாலும் பாஸ்புக் அதே பாஸ்புக்.

1989: இருட்டின் மெட்டு

டிம் பர்டன் 'பேட்மேன்' எடுத்தபோது பிரச்சினை வேறு. 1966-ன் கேலி மெட்டை மக்கள் மறக்க வேண்டும். இசையமைக்க வந்த டேனி எல்ஃப்மேன் ஒரு ராக் இசைக்குழுவின் பாடகர். முறையாக இசை படித்தவர் அல்ல. இங்கிலாந்தில் படத்தின் செட்டைப் பார்த்துவிட்டு விமானத்தில் திரும்பும்போது மெட்டு தோன்றியதாம். மறந்துவிடக் கூடாதே என்று டேப் ரெக்கார்டருடன் அடிக்கடி கழிவறைக்குள் போய் முணுமுணுத்துப் பதிவு செய்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அவர் மெட்டின் அடித்தளம் ஐந்தே சுரங்கள். நம் கணக்கில் ச, ரி, க, த, ப. மூன்று படி மெதுவாக ஏறி, ஒரு தாவு தாவி, அரைப்படி கீழே இறங்கும். நம் நடபைரவியில் வரும் சுரங்கள்தான் என்பதால் ஒரு சோகமும் மர்மமும் இருக்கும். சூப்பர்மேன் மெட்டு வெயிலில் நிற்கிறது என்றால், இது கட்டடத்தின் நிழலில் நிற்கிறது. ஐந்து சுரம் மட்டுமே என்பதால் எங்கே வேண்டுமானாலும் பொருந்தும். சண்டைக்கு வேகமாக, தனிமைக்கு மெதுவாக. 1992-ல் வந்த இரண்டாம் பாகமும் அதே வருடம் தொடங்கிய கார்ட்டூன் தொடரும் இதையே தொடர்ந்ததால், தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கே பேட்மேன் என்றால் இந்த மெட்டுதான்.

கணக்கு மாறிய கதை

இனி அயர்ன்மேனுக்கு வருவோம். முதல் படம் (2008) ரமின் ஜவாடி. இரண்டாவது (2010) ஜான் டெப்னி. மூன்றாவது (2013) பிரையன் டைலர். மூவரும் கைதேர்ந்தவர்கள். ஆனால் ஒவ்வொருவரும் புதுக் கணக்கு திறந்தார்கள். தோர் படங்களிலும் இதே கதைதான். ஒவ்வொரு வாடிக்கையாளரும் முதல் தவணையோடு நின்றுவிட்டால் முதிர்வுத் தொகை எங்கிருந்து வரும்?

இன்னொரு காரணமும் உண்டு. படத்தொகுப்பு நடக்கும்போது இசை தயாராக இருக்காது. அதனால் வேறு படங்களின் இசையைத் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். டெம்ப் டிராக் என்பார்கள். மாதக்கணக்கில் அதையே கேட்ட இயக்குநர், இசையமைப்பாளர் வந்ததும் "இதே மாதிரி போடுங்கள்" என்கிறார். விளைவு, எல்லாப் படமும் ஒன்றுபோல ஒலிக்கிறது. போதாக்குறைக்கு வெடிச்சத்தமும் வசனமும் இசைமேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன.

அதே நிறுவனம் கணக்கை ஒழுங்காக நடத்திய இடமும் உண்டு. 2012-ல் ஆலன் சில்வெஸ்ட்ரி 'அவெஞ்சர்ஸ்' படத்துக்கு ஒரு மெட்டு போட்டார். 2015-ல் இரண்டாம் பாகத்துக்கு வேறு இருவர் இசையமைத்தும், அந்த மெட்டு விடப்படவில்லை. 2018, 2019 படங்களுக்கு சில்வெஸ்ட்ரியே திரும்பினார். 2019-ன் 'எண்ட்கேம்' படத்தில், தனியாக நிற்கும் கேப்டன் அமெரிக்காவுக்குத் துணையாக மறைந்துபோன வீரர்கள் ஒவ்வொருவராக ஒளி வட்டங்களிலிருந்து வெளியே வருவார்கள். இசை அடிமட்டத்திலிருந்து படிப்படியாக ஏறி, கடைசியில் அந்த ஏழு வருட மெட்டில் போய்ச் சேரும். அதற்குத் தியேட்டரில் எழுந்த கைதட்டலில் ஏழு வருட வட்டியும் அடக்கம். ஆகவே இந்தக் காலத்தவருக்குத் திறமை இல்லை என்ற வாதம் நிற்காது.

மெட்டு என்ற வரையறைக்குள் வராத சாதனைகளும் உண்டு. 2008-ன் 'த டார்க் நைட்' படத்தில் ஹான்ஸ் ஸிம்மர் ஜோக்கருக்குக் கொடுத்தது, செல்லோவில் நீண்டு இழுபடும் ஒற்றைச் சுரம். மெல்ல இறுகிக்கொண்டே போகும். முணுமுணுக்க முடியாது. ஆனால் கேட்டதும் வயிற்றைப் பிசையும், ஜோக்கர் எங்கோ பக்கத்தில் இருக்கிறான் என்று. 2018-ன் 'பிளாக் பாந்தர்' படத்துக்காக ஸ்வீடன்காரரான லுட்விக் யோரன்சன், செனகல் நாட்டுக்குப் போய் அங்குள்ள பாடகர் பாபா மாலோடு பயணம் செய்தார். பேசும் மேளம் என்று சொல்லப்படும் தாமாவின் ஒலியையே நாயகனின் அடையாளமாக்கினார். அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். அந்த மேளச் சத்தம் கேட்டால் வேறு எந்த வீரனும் நினைவுக்கு வரமாட்டான். சுருக்கமாக இருக்க வேண்டும், அந்த ஆளுக்கே உரியதாக இருக்க வேண்டும், விடாமல் திரும்ப வர வேண்டும். இவை மூன்றும் அமைந்தால் ஒற்றைச் சுரமும் போதும், ஒரு மேளமும் போதும்.

நம் கையில் இருப்பது

2025-ல் ஜேம்ஸ் கன் புதிதாக 'சூப்பர்மேன்' எடுத்தார். நடிகர் புதியவர். இசை ஜான் மர்ஃபி, டேவிட் ஃபிளெமிங் இருவரும். ஆனாலும் வில்லியம்ஸின் 1978 மெட்டை உள்ளே கொண்டுவந்தார்கள். 47 வருடத்துக்கு முன் திறந்த கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால்தான் தாத்தாவும் பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே நொடியில், ஒரே காரணத்துக்காக நிமிர முடிகிறது. வீட்டுக்குள் ஆளுக்கொரு ஃபோன் என்று ஆகிவிட்ட நாளில் இது சின்ன விஷயமில்லை.

படம் எடுப்பவர்கள் தவணை கட்டுவது அவர்கள் பொறுப்பு. நம் பக்கத்திலும் ஒரு பொறுப்பு இருக்கிறது. வீட்டில் படம் ஓடும்போது தொடக்க இசை வந்ததும் ரிமோட்டில் 'ஸ்கிப்' பட்டனை அழுத்துகிறோம். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்குவதற்குள் அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறோம். இசையமைப்பாளருக்குத் தடங்கலில்லாமல் கிடைக்கும் நிமிடங்களே அந்த இரண்டும்தான். மெட்டு காதில் ஏறும் இடமும் அதுதான். முதல் தவணையே நாம் கட்டாவிட்டால் பிறகு குறை சொல்லி என்ன பயன்?

இந்தக் காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து 1978-ன் சூப்பர்மேனைப் போடுங்கள். பெயர்கள் பறந்து வரும் அந்தச் சில நிமிடங்கள் மட்டும் ரிமோட்டை யாருக்கும் எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்டினால், அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள்.